பீப்பாவும் வலையும் ஏழு கவுதாரியும்

முப்பத்துநான்கு வருடம் புகையிரதத்தில் கார்ட்டாக இருந்தவன் நான். கடைசிப் பெட்டியில் ஒரு கையில் பச்சைக்கொடியும் மறுகையில் சிவப்புக்கொடியுமாக நின்றபடி பூமியை நாற்பது தடவை சுற்றிய தூரம் போயிருக்கிறேன். என் மனைவி மரியநாயகியின் கணக்கில் அது முப்பத்தொன்பது. ஒரு வருடம் மஞ்சட்காமாலையில் படுத்துக்கிடந்ததை அவள் கழித்துவிடுகிறாள்.

ஓய்வு பெற்றுக் குருநகருக்கு வந்த பிறகு, எண்பத்துநாலாம் ஆண்டு பங்குனியில், கோப்பாயிலுள்ள ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பேச வரச்சொல்லிக் கடிதம் வந்தது. 'மலைநாட்டுப் புகையிரதச் சுரங்கங்கள்' என்று தலைப்பும் அவர்களே போட்டிருந்தார்கள். நல்ல தலைப்பு. யாழ்ப்பாணத்தில் தண்டவாளம் எறும்புக்குக்கூட ஏற்றம் காட்டாது. சுன்னாகத்தில் நிற்கிற ஆளுக்குக் கொடிகாமத்தில் புறப்படும் ரயிலின் புகை தெரியும் என்று சொன்னால் நம்பக்கூடிய தரை இது. இங்குள்ளவர்களுக்கு மலையைத் துளைத்து உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருவதென்பது புராணக்கதை மாதிரி.

வெள்ளை லோங்ஸ், பழைய சீருடைக் கோட்டு, அதில் பித்தளைப் பொத்தான்கள். இப்படித்தான் மேடையேறினேன். மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். நான் ஆயிரம் என்று சொல்லிவருகிறேன். மலைப்பாதையில் நூற்றெட்டுச் சுரங்கங்கள் என்று ஆரம்பித்தேன். இலாகாவின் கணக்கு நாற்பத்துச் சொச்சம்தான். ஆனால் நூற்றெட்டு என்றதும் முன்வரிசையிலிருந்த சைவப் பெரியவர்களின் முகத்தில் ஒரு பக்தி வந்ததே, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது முகம் வழிக்கத் தொடங்கியவர் வெளியே வரும்போது மறுபடி தாடியோடு வந்தார் என்றேன். கைதட்டல்.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. சுரங்கத்துக்கான ஆங்கிலச் சொல்லின் கதைக்குள் இறங்கிவிட்டேன்.

"டனல் எண்ட சொல் பிறக்கேக்கை ரயிலும் இல்லை, மலையைத் துளைக்க வெடிமருந்தும் இல்லை. பழைய பிரெஞ்சிலை அது பீப்பா. போர்த்துக்கேயர் வைன் நிரப்பின பெரிய பீப்பாவுக்குத் தொனெல் எண்டு பேர். ஒல்லாந்தருக்குத் தொன். ஜேர்மன்காரருக்குத் தொன்னே. ஒரே குடும்பம், ஒரே முகவெட்டு. பிறகு பிரெஞ்சுக்காரர் பீப்பா வளையம் மாதிரிக் கம்பை வளைச்சு, கொடியைப் படரவிட்டு, அதுக்குக் கீழை நடந்தினம். அதுக்கும் அந்தப் பேர். பிறகு அதே வளையத்துக்கு மேலை வலையைப் போர்த்து, நிலத்திலை படுக்க வைச்சுக் கவுதாரி பிடிச்சினம். அதுக்கும் அதே பேர். இங்கிலீசுக்காரனுக்கு டனல் எண்டால் முதல் முதல் அந்தக் கவுதாரி வலைதான். அதுக்குப் பிறகு புகைபோக்கி. கடைசியாய்த்தான் மலை. ரயில் வந்த காலத்திலை பிரெஞ்சுக்காரர் தங்கடை பிள்ளை எண்டு தெரியாமல் அந்தச் சொல்லை இங்கிலீசுக்காரரிட்டையிருந்து திருப்பி வாங்கிச்சினம்!"

நான் எதிர்பார்த்த கைதட்டல் வரவில்லை. மேடையில் எனக்குப் பக்கத்திலிருந்த தலைவர் எழும்பினார். பொன்னம்பலம் மாஸ்டர். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். திருநீற்றுக் கோடுகூட அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல இருக்கும்.

"ஐசே கார்ட், ஒரு நிமிசம். கவுதாரியை நிலத்திலை வலை விரிச்சுப் பிடிச்சவையோ?"

"ஓம்."

"மேலையிருந்து வீசினதில்லையோ?"

"இல்லை. அதுகளாய் உள்ளுக்கை நடந்து போகும்."

"செட்டை இருக்கிற பறவை, பறக்காமல், வரிசையாய், பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வலைக்குள்ளை நடந்து போகுமோ?"

மண்டபம் சிரித்தது. தாடி முளைத்தவரை நம்பிய அதே மண்டபம்.

"நான் வாசிச்சனான், மாஸ்டர்."

"எங்கை வாசிச்சனீர்?"

"எங்கடை நூலகத்திலை. சொற்களின்ரை வரலாறு சொல்லுற பெரிய அகராதி. எட்டுத் தொகுதி. கீழ்த்தட்டிலை, சன்னல் பக்கம்."

சிரிப்பு நின்றது. அந்த எட்டுத் தொகுதியும் மூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியபோது மற்றத் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களுடன் எரிந்துபோயின. தொண்ணூற்றேழாயிரம் என்பது நான் கூட்டிச் சொன்னதில்லை. ஓய்வுநாள் கிடைத்தபோதெல்லாம் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்து இருந்திருக்கிறேன். எந்தச் சொல்லுக்குள் ஆயிரக்கணக்கான தடவை ரயிலோடு நுழைந்தேனோ அந்தச் சொல்லைத் தேடிப் படித்த நாளில் என் சேர்ட் நிறம்கூட எனக்கு ஞாபகம்.

மாஸ்டர் குரலைத் தணித்தார். ஆனால் விடவில்லை.

"நீர் வாசிச்சிருக்கலாம். வாசிக்காமலும் இருக்கலாம். உம்முடைய நூற்றெட்டுச் சுரங்கத்தை நான் எண்ணப் போகேல்லை. ஆனால் இப்ப ஆளாளுக்கு வந்து, எரிஞ்ச புத்தகத்திலை அது கிடந்தது, இது கிடந்தது எண்டு கதைக்கினம். ஒருதரையும் மறுக்க ஏலாது. இப்பிடியே போனால் கொஞ்சக் காலத்திலை அந்தப் புத்தகங்களிலை உண்மையிலை என்ன கிடந்தது எண்டு தெரியாமல் போயிடும். வாற சனிக்கிழமைக் கூட்டத்துக்கிடையிலை கவுதாரி வலைக்குள்ளை நடக்கும் எண்டு காட்டும். காட்டினால் நம்புறன். இல்லையெண்டால் இதே மேடையிலை ஏறி, அப்பிடி ஒரு புத்தகம் நான் வாசிக்கேல்லை எண்டு சொல்லும்."

மீசையை வழிக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே வழித்திருப்பேன். இது வேறு. நான் வாயைத் திறந்தால் பொய் என்பது குருநகரில் குழந்தைக்கும் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் வாசித்ததை வாசிக்கவில்லை என்று சொல்வதென்றால், அந்தப் பக்கத்தை நானும் ஒருதரம் எரித்த மாதிரி.

"சரி, மாஸ்டர். காட்டுறன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடற்கரைக்குப் போனேன். என் அண்ணை யாகோப்பு பரவைக்கடலில் சிறகுவலைத் தொழில் செய்பவர். பள்ளிக்கூடத்துக்குப் போனது இரண்டு நாள்; அதில் ஒரு நாள் மழை, பள்ளிக்கூடம் இல்லை. முழங்கால் தண்ணீரில் தடிகளை நட்டு, இரண்டு பக்கமும் சிறகு விரித்தாற்போல வலை கட்டுவார். இரண்டு சிறகும் சேருமிடத்தில் ஒரு நீளக் கூடு. வாய் அகலம், வால் ஒடுக்கம். மீன் சிறகோரமாக நீந்தி நீந்தித் தானாகவே கூட்டுக்குள் போய்விடும்.

நடந்ததைச் சொன்னேன். அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். நான் பீப்பா, வளையம், வலை என்று சொல்லச் சொல்ல அவருடைய கை நின்றது.

"டேய் கனி, உதிலை கிடக்கிற கூட்டைப் பார்."

பார்த்தேன். கூட்டை விரித்துப் பிடிப்பவை ஐந்து இரும்பு வளையங்கள். வாயில் பெரியது, வாலில் சிறியது. தார் பூசியிருந்தது. அவற்றை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். சாமான் ரயில் ஓடிய காலத்தில், உடைந்து கழித்த பீப்பாக்களிலிருந்து கழற்றி எடுத்தவை.

"பீப்பா வளையம். மேலை வலை. உள்ளுக்கை போனால் வெளியிலை வர ஏலாது" என்றார் அண்ணை. "உன்ரை பிரெஞ்சுக்காரன் என்ரை கூட்டைப் பாத்துத்தான்ரா செய்திருக்கிறான்."

"அண்ணை, அவங்கள் அறுநூறு வருசத்துக்கு முந்திச் செய்தவங்கள்."

"அப்ப நாங்கள் எழுநூறு வருசத்துக்கு முந்தி."

எங்கள் குடும்பத்தில் இது பரம்பரையாக வருவது.

வியாழக்கிழமை விடியக் கோப்பாய்க்கு வெளிக்கிட்டோம். அண்ணை சைக்கிள் கரியரில் வலையைக் கட்டி, வளையங்களை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு மிதித்தார். வழியிலிருந்த நாய்கள் எல்லாம் யாரோ எங்களுக்காக ஏற்பாடு செய்த ஊர்வலம்போலப் பின்னால் வந்தன. மாஸ்டரின் வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல். அதில் விடியவும் பொழுதுபடவும் கவுதாரிகள் மேயும் என்று மாஸ்டரே சொன்னார். எதிராளியாக இருந்தாலும் தகவலை ஒளிக்கிற மனிதன் இல்லை.

பிழை அங்கேதான் நடந்தது. அண்ணை தன் ஆயுளில் காய்ந்த வலையை விரித்ததில்லை. விரிக்குமுன் நனைக்க வேண்டும். எங்கள் தகப்பனும் அப்படித்தான், பாட்டனும் அப்படித்தான். நான் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இடைவெளியில் அவர் கிணற்றடித் தொட்டிக்குள் வலையை இறக்கிவிட்டார். அது மாஸ்டருடைய செவலைப் பசு தண்ணீர் குடிக்கிற தொட்டி.

"ஐயோ! என்ன வேலை பாத்தனீங்கள்?" மாஸ்டரின் மனைவி குணலட்சுமி செம்போடு வந்தவர், செம்பை விட்டார். "வெள்ளிக்கிழமை விரதத்துக்குக் கழுவி வைச்ச தொட்டி! மீன் மணக்குது!"

"மீன் இல்லை தங்கச்சி, வலைதான்" என்றார் அண்ணை மரியாதையாக.

பசு தொட்டியை ஒருதரம் மோந்து பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்தது. முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அப்படிப் பார்க்கவில்லை.

தொட்டியை நானும் அண்ணையும் நான்கு தரம் தேய்த்துக் கழுவினோம். பிறகு வயலில் தடி நட்டுச் சிறகு கட்டிக் கூட்டைப் படுக்கவைத்தோம். தூரத்தில் கவுதாரிகள் மேய்ந்தன. நாங்கள் இருவரும் கையை விரித்துக்கொண்டு பின்பக்கத்தால் மெதுவாக நடந்தோம். இருபது பாகத் தூரத்துக்குக் கிட்டப் போயிருப்போம். விர்ரென்று எல்லாம் மேலே எழும்பி, மாஸ்டருடைய தலைக்கு மேலாகவே பறந்து போயின.

அரைமணித்தியாலம் கழித்துக் கூட்டைப் பார்த்தால் உள்ளே மூன்று பூனைகள். மீன் மணத்துக்கு வந்தவை.

"ஐசே," என்றார் மாஸ்டர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உம்முடைய அகராதியிலை பூனையும் கிடந்ததோ?"

அன்று இரவு நித்திரை இல்லை. மரியநாயகி செபமாலையை முடித்துவிட்டு, "இஞ்சேருங்கோ, மேடையிலை ஏறி ஒரு பொய் சொன்னால் என்ன? வழக்கமாய்ச் சொல்லுறதுதானே" என்றாள்.

"இது பொய்யடி. மற்றதெல்லாம் கதை" என்றேன்.

அந்தப் பக்கத்தை மனதுக்குள் விரித்தேன். இடப்பக்க வரிசை, கீழிருந்து மேலாக. சின்ன எழுத்து. சொல்லின் பொருளுக்குக் கீழே பழைய வசனங்கள் கொடுத்திருந்தார்கள். கவுதாரி வலைக்குக் கீழே ஒரு வசனம்; வாசித்தபோது சிரித்திருந்தேன். ஏன் சிரித்தேன்? வேட்டைக்காரன் ஒரு... சீலையில் கீறிய ஒரு... எழும்பி உட்கார்ந்தேன். மாடு! வேட்டைக்காரன் சீலையில் குதிரையோ மாடோ கீறி, அதன் பின்னால் ஒளித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடப்பான். கவுதாரிக்கு மனிதரைக் கண்டால்தான் பயம். மாட்டைக் கண்டால் பறக்காது, கொஞ்சம் விலகி விலகி நடக்கும்.

வெள்ளி விடிய மாஸ்டரின் படலையைத் தட்டினேன்.

"மாஸ்டர், உங்கடை பசுவைத் தாருங்கோ."

"என்னத்துக்கு?"

சொன்னேன்.

"இதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"நேற்று ஞாபகம் வரேல்லை."

அண்ணை பசுவின் கயிற்றைப் பிடித்தார். அது அசையவில்லை. நான் பிடித்தேன். கொம்பைக் காட்டியது. எங்கள் இருவரையும் கண்டால் அதற்கு மீன் மணத்த தொட்டிதான் ஞாபகம். குணலட்சுமி அக்கா குசினி வாசலில் நின்று மாஸ்டரைக் காட்டிச் சொன்னார்: "அது உவரோடை மட்டுந்தான் நடக்கும்."

மாஸ்டர் யோசித்தார். பசுவைக் கொண்டுபோகாவிட்டால் நான் தோற்றேன். கொண்டுபோனாலும் ஒரு தட்டுத்தட்டி ஓடவிட்டால் போதும். கவுதாரி பறந்துவிடும், நான் தோற்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். தோளிலிருந்த வெள்ளைச் சால்வையை எடுத்து மனைவியிடம் கொடுத்தார், பறவைக்குத் தெரியக்கூடாதென்று. அதைப் பார்த்தவுடனேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அண்ணை இந்தமுறை வலையை நனைக்கவில்லை. முழுக் கடலும் வற்றிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காய்ந்த வலையை விரித்தார். நாங்கள் இருவரும் வரம்போரம் குப்புறப் படுத்தோம்.

செவலை மேய்ந்தபடி வந்தது. அதன் மறுபக்கத்தில் மாஸ்டரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பசு நின்றால் அவர் நின்றார். பசு ஒரு அடி வைத்தால் அவரும் ஒரு அடி. வயலில் மேய்ந்த கவுதாரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மாடு. மறுபடி குனிந்தன. மாடு கிட்ட வர, சிணுங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நடந்தன. சிறகு வலை தட்டுப்பட்டதும் அதன் ஓரமாகவே திரும்பின.

"மீன்ரா," என்றார் அண்ணை என் காதுக்குள். "அச்சொட்டாய் மீன். அவசரப்படுத்தாதேயுங்கோ மாஸ்டர், அவசரப்படுத்தாதேயுங்கோ..."

மாஸ்டருக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. கால்மணித்தியாலமோ என்னவோ, கொழும்புக்கு ரயிலில் போய் வந்திருக்கலாம் போல எனக்கு இருந்தது. முதலாவது கவுதாரி கூட்டு வாயில் நின்று, கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. பிறகு முதல் வளையத்தைத் தாண்டி நடந்தது. அதன் பின்னால் அடுத்தது. அடுத்தது. செட்டையை மடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

அண்ணை பாய்ந்து போய் வாயைக் கட்டினார். நான் எழும்பி நின்று, என்னையறியாமல், கோட்டுப் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினேன். செவலை மிரண்டு வீட்டுப் பக்கம் ஓடியது. மாஸ்டர் வேட்டியெல்லாம் புழுதியோடு கூட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். முதலில் அவர் பறவையைப் பார்க்கவில்லை. ஐந்து வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"உது என்ன வளையம்?"

"பீப்பா வளையம், மாஸ்டர்."

அவர் குனிந்து, கூட்டு வாயில் கண்ணை வைத்து, வால்வரைக்கும் பார்த்தார். வளையத்துக்குப் பின்னால் வளையம், அதற்குப் பின்னால் வளையம், கடைசியில் ஒரு வெளிச்சப் பொட்டு. நான் கடைசிப் பெட்டியில் நின்று பார்த்த காட்சி அது. அவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏழு," என்றார் நிமிர்ந்து.

"ஏழா? வடிவாய் எண்ணுங்கோ, ஒரு முப்பதாவது..."

"ஏழு, கார்ட்."

அண்ணை கூட்டை ஆசையோடு பார்த்தார். "ஏழு கவுதாரி எண்டால் நல்ல குழம்பு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். தபசுகால வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கரான எங்களுக்கு இறைச்சி தொடக்கூடாத நாள். மாஸ்டர் வீட்டிலோ எந்த நாளும் தொடுவதில்லை. இரண்டு சமயமும் சேர்ந்து அந்த ஏழு உயிரையும் காப்பாற்றின. மாஸ்டர் தன் கையாலேயே வால் முடிச்சை அவிழ்த்தார். இந்தமுறை அவை பறந்தன.

"மாஸ்டர், நம்புறீங்களோ?"

"உமக்கு வாற பொய்யெல்லாம் பெரிசு, ஐசே. நூற்றெட்டுச் சுரங்கம், தாடி முளைச்ச ஆள். மாட்டுக்குப் பின்னாலை ஒளிச்சு நடக்கிறது எண்டு இப்பிடிச் சின்னதாய், அதுவும் சரிவாற பொய் சொல்ல உமக்கு ஏலாது. அது எங்கையோ வாசிச்சதுதான்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகளில் இதைத்தான் சட்டம் போட்டு மாட்ட விரும்புகிறேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் மேடையேறியது நானில்லை, மாஸ்டர். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், தொட்டி, பூனை உட்பட, சொன்னார். கூடத்தின் நடுவில் அண்ணையின் கூடு படுத்திருந்தது. சனம் ஒவ்வொருவராகக் குனிந்து வாய்ப்பக்கத்தால் பார்த்தது. அண்ணை பக்கத்தில் கதிரை போட்டு, சலவை வேட்டியோடு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "பிரெஞ்சுக்காரர் எங்களிட்டைப் பழகினது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பிறகு மாஸ்டர் ஒரு புதிய தடித்த கொப்பியை மேசையில் வைத்தார். எரிந்த புத்தகங்களில் தாங்கள் வாசித்தது ஞாபகம் இருப்பவர்கள் இதில் எழுதலாம், பெயர் வைத்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். முதல் பக்கம் எனக்கு.

பேனையை எடுத்தேன். பீப்பா, தொனெல், தொன், தொன்னே, கொடிப்பந்தல், கவுதாரி வலை, புகைபோக்கி, மலை, திரும்பிப் போன சொல், மாட்டுச் சீலை. எழுதியபோது கை பலதரம் அரித்தது. அறுநூறு வருடத்தை ஆயிரமாக்கலாம். எட்டுத் தொகுதியைப் பதினெட்டாக்கலாம். ஒன்றும் கூட்டவில்லை. ஞாபகமில்லாத இரண்டு இடங்களில் 'ஞாபகமில்லை' என்றே எழுதினேன். அடியில், வயலில் கண்ணால் கண்டது, வலைக்குள் நடந்த கவுதாரி ஏழு என்றும் குறித்தேன். கையெழுத்தைப் போட்டபோது என் மார்பில் அந்தக் கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் தெறித்துவிடும் போல இருந்தது.

இரண்டாவது பக்கத்தை மாஸ்டர் தானே எழுதினார். எங்கள் 'சுரங்கம்' வடமொழியில் 'சுருங்கா' என்று இருந்ததையும், அதைக் கிரேக்கரின் குழல் என்னும் சொல்லோடு உறவுபடுத்தி அறிஞர் சிலர் சொல்வதையும், கிரேக்க நாட்டில் இன்றும் மலை துளைத்த வழிக்குச் 'சீரங்கா' என்றே பெயர் இருப்பதையும் எழுதி, என் பக்கம் திருப்பினார்.

"இங்கிலீசுக்காரன் வலையோடை கவுதாரிக்குப் பின்னாலை திரிஞ்ச காலத்துக்கு முந்தியே எங்களிட்டை இந்தச் சொல் கிடக்கு. நானும் அங்கைதான் வாசிச்சனான். சன்னல் பக்கம். நம்புறீரோ?"

"நிரூபியுங்கோ எண்டு கேட்க என்னட்டை மாடு இல்லையே, மாஸ்டர்" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

குருநகருக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணை மடியில் வளையங்களை வைத்திருந்தார். கொண்டக்டர் காசை வாங்கிக்கொண்டு, "என்னண்ணை, மீனோ?" என்று கேட்டான்.

"கவுதாரி," என்றார் அண்ணை.

"எத்தினை பிடிச்சனீங்கள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். கொப்பியில் ஏழு என்று என் கையாலேயே எழுதிவிட்டு வந்திருக்கிறேன். கொப்பி கோப்பாயில் பத்திரமாக இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"எழுபது," என்றார் அண்ணை, எனக்கு முந்திக்கொண்டு.